அடி கருகுகிறது, மேலே வெளுத்துக் கிடக்கிறது: ஓவன் இல்லாத வீட்டில் கேக் சுடுவது எப்படி?

கேள்வி இதுதான். வாடகை வீடு, இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு மட்டும். ஓவன் வைக்க இடமும் இல்லை, இப்போதைக்கு வாங்க வசதியும் இல்லை. பழைய குக்கரில் உப்பைக் கொட்டி மூன்று முறை கேக் செய்து பார்த்தாயிற்று. மூன்று முறையும் அடி கருகி, மேலே வெள்ளையாகப் பிசுபிசுத்து, நடுவில் குழி விழுந்துவிட்டது. அடுத்த மாதம் மகளின் பிறந்தநாள். ஓவன் இல்லாமல் நல்ல கேக் உண்மையிலேயே வருமா?

வரும். நன்றாகவே வரும். உங்கள் மூன்று கேக்குகளும் கெட்டதற்கு ஒரே காரணம், நெருப்பு ஒரே பக்கத்திலிருந்து வந்ததுதான். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் கைப்பழக்கம்.

கல்யாண வீட்டில் பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி முக்கால் பதம் வெந்ததும் அடுப்பில் எரிகிற விறகை வெளியே இழுத்துவிடுவார்கள். அண்டாவை மூடி, தணலை வாரி மூடியின் மேல் பரப்புவார்கள். அடியில் கொஞ்சம் கங்கு, மேலே நிறையக் கங்கு. அந்த அரைமணி நேரமும் அந்த அண்டா ஓர் ஓவன்தான். கடையில் விற்கிற பெட்டி செய்கிற வேலையும் இதுவே: எல்லாப் பக்கமிருந்தும் நிதானமாக, ஈரமில்லாமல் வருகிற சூடு. நம் கேஸ் அடுப்பு அடிச்சூட்டை மட்டும் தருகிறது. மேல்சூட்டை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். டிசம்பர் பிறந்தால் அத்தை வீட்டு முற்றத்தில் மூன்று செங்கல் அடுப்பு முளைத்துவிடும். அடிகனமான அலுமினியச் சட்டி, அதில் இரண்டு விரல் கனத்துக்கு ஆற்றுமணல், அதன்மேல் கேக் தட்டு, வாய்க்கு விளிம்பு வைத்த தகர மூடி, மூடிமேல் சிரட்டைத் தணல். "கீழே ஒரு பங்கு, மேலே ரெண்டு பங்கு" என்பது அத்தையின் கணக்கு. எத்தனை டிகிரி என்று அவர் கேட்டதே இல்லை. வெளிநாடுகளில் கனமான இரும்புச் சட்டியில் கரி போட்டு முகாம் சமையல் செய்கிறவர்களும் கேக், ரொட்டி சுடும்போது கிட்டத்தட்ட இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள். அதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அத்தையின் முற்றம்தான் கண்முன் வந்தது.

இது நம் பக்கத்தில் மட்டும் இருக்கிற வழக்கம் இல்லை. கோவாவின் பெபிங்கா என்ற அடுக்குக் கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மைதா, முட்டை மஞ்சள் கரு, தேங்காய்ப்பால், சர்க்கரை, நெய் கலந்த மாவை ஒரு கரண்டி ஊற்றி, மூடி, மூடிமேல் தேங்காய் மட்டைத் தணல் வைத்துச் சிவக்கவிடுவார்கள். அடுத்த கரண்டி அதன்மேல். இப்படி ஏழு அடுக்கு, சில வீடுகளில் பதினாறு அடுக்கு. அங்கே வேலை முழுவதையும் செய்வது மேல்நெருப்புதான். போர்த்துகீசியர் வழியாக ஜப்பானுக்குப் போன காஸ்டெல்லா கேக்கையும் அந்தக் காலத்தில் சட்டிக்குக் கீழேயும் மூடிக்கு மேலேயும் கரி போட்டுத்தான் சுட்டார்கள். குரோஷியா, போஸ்னியா பக்கம் மணி மாதிரி கவிழ்த்த மூடியைத் தணலால் மூடி ரொட்டி சுடுகிறார்கள். நம் கடற்கரை ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் ரவை, முட்டை, நெய் சேர்த்துச் செய்யும் தம்மடையும் இந்தக் குடும்பம்தான். பெயரிலேயே தம் இருக்கிறது.

சரி, உங்கள் கேக்குக்கு வருகிறேன்.

கேக் வேகும்போது உள்ளே ஈரம் இருக்கும்வரை நடுப்பகுதியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நடுவில் 95 டிகிரியைத் தாண்டினாலே வெந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேலே பொன்னிறமும் அந்தப் பேக்கரி மணமும் வர, மேல்பரப்பு உலர்ந்து 140 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். மேலே ஈரம் நிற்கும்வரை அது நடக்காது. உங்கள் குக்கரில் என்ன நடந்திருக்கும் என்றால், கேக்கிலிருந்து கிளம்பிய ஆவி குளிர்ந்த மூடியில் பட்டுத் தண்ணீராகி, திரும்பக் கேக்கின்மேலேயே சொட்டியிருக்கும். பிசுபிசுப்புக்குக் காரணம் அதுதான். மேலே சிவக்கவில்லையே என்று நீங்கள் தீயைக் கூட்டியிருப்பீர்கள், அடி கருகியிருக்கும். வெந்ததா என்று பார்க்க மூடியைத் திறந்திருப்பீர்கள், உள்ளே இருந்த சூடு அப்படியே வெளியே போய், எழும்பி நின்ற நடுப்பகுதி இறங்கியிருக்கும். மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை.

முதலில் பாத்திரம். குக்கரைப் பலரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டால் வெடிக்காது, அது சரிதான். ஆனால் குக்கர் மூடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. தண்ணீர் வற்றி அளவுக்கு மீறிச் சூடேறினால் தானே உருகி வழிவிட வேண்டும் என்பதற்காக அதில் சீக்கிரம் உருகும் உலோகத்தை வைத்திருப்பார்கள். தண்ணீரே இல்லாமல் முக்கால் மணி நேரம் சூடேற்றினால் அது கெட்டுப்போகலாம், மறுநாள் அதே மூடியைப் போட்டுப் பருப்பு வேகவைக்க முடியாது. குக்கர்தான் இருக்கிறது என்றால் அடிப்பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மூடி போடுங்கள். அதுவும் சமையலுக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய குக்கராக இருக்கட்டும். நல்ல குக்கரைக் காய்ந்த சூட்டில் வாட்டினால் அடி நெளிய வாய்ப்பு உண்டு.

என்னைக் கேட்டால், 24 சென்டிமீட்டர் அகலமாவது உள்ள கனத்த இரும்புச் சட்டியோ, அடிகனமான அலுமினியப் பாத்திரமோ நல்லது. பழைய இட்லிச் சட்டியும் உதவும். நான்ஸ்டிக் மட்டும் வேண்டவே வேண்டாம். காலியாகச் சூடேறும்போது 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. உள்ளே வைக்கும் கேக் தட்டு 15 சென்டிமீட்டர், அதாவது ஆறு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. தட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஓர் அங்குலம் இடைவெளி வேண்டும், சூடான காற்று மேலே ஏறுவதற்கான பாதை அது. பெரிய தட்டைத் திணித்து வைத்தால் பாதை அடைபட்டு, சூடு முழுக்க அடியிலேயே தங்கிவிடும்.

அடியில் போடுவதற்கு உப்பைவிட மணலையே நான் விரும்புகிறேன். கல் உப்பு சூடேறும்போது உள்ளே சிக்கிய ஈரத்தால் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். அலுமினியத்தையும் நாளடைவில் அரித்துவிடும். கடலை வறுக்கிறவர் ஏன் மணலில் வறுக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். மணல் மெதுவாகச் சூடேறி, சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி கொடுக்கும். யாழ்ப்பாணத்தில் பாண், அதாவது ரொட்டி, சுடுகிற போறணை என்ற செங்கல் அடுப்பும் இந்த விதத்தில்தான் வேலை செய்கிறது. உள்ளே விறகை எரித்துச் செங்கல்லைச் சூடாக்கி, நெருப்பை வெளியே தள்ளிவிட்டு, செங்கல் பிடித்து வைத்த சூட்டிலேயே பாணைச் சுட்டு எடுப்பார்கள். (போறணை என்ற சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. பாணும் அப்படித்தான்.) உங்கள் சட்டியில் மணல்தான் அந்தச் செங்கல். ஆற்றுமணலைச் சலித்து, நாலைந்து தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒருமுறை வறுத்து டப்பாவில் போட்டு வையுங்கள். வருடக்கணக்கில் வரும். கடல்மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மணல் ஓர் அங்குலக் கனம் இருக்கட்டும். அதன்மேல் ஓர் அங்குலமாவது உயரமுள்ள இரும்பு வளையமோ, குக்கருக்குள் வைக்கும் ஸ்டாண்டோ வேண்டும். கேக் தட்டு மணலைத் தொடவே கூடாது. உங்கள் கேக் தட்டை உப்பின்மேலேயே நேராக வைத்திருந்தீர்கள் என்றால் அடி கருகியதில் ஆச்சரியமே இல்லை.

அடுத்தது தீயின் அளவு. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். "சிம்மில் வை" என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு அடுப்பின் சிம்மும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் சட்டிக்கும் உங்கள் அடுப்புக்கும் பொருந்துகிற இடத்தை ஒருமுறை கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மாவைக் கரைக்கவே வேண்டாம், சர்க்கரை போதும். சர்க்கரை ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும். சட்டியில் மணலும் ஸ்டாண்டும் வைத்து மூடி, நடுத்தரத் தீயில் 10 நிமிடம், பிறகு சிறு தீயில் 5 நிமிடம் வையுங்கள். ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தில் அரை ஸ்பூன் சர்க்கரையைப் பரப்பி ஸ்டாண்டின் மேல் வைத்து மூடி, அதே சிறு தீயில் 15 நிமிடம் விடுங்கள். சர்க்கரை உருகிப் பாகாகியிருந்தால் கேக்குக்கு அது அதிகச் சூடு, தீயை இன்னும் குறைக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று மணல் மணலாக அப்படியே இருந்தால் 186-க்குக் கீழே இருக்கிறது. ஆனால் எவ்வளவு கீழே என்று சர்க்கரை சொல்லாது. அதற்கு மைதா. ஒரு ஸ்பூன் மைதாவை அதே கிண்ணத்தில் மெல்லியதாகப் பரப்பி வைத்தால், ஐந்தாறு நிமிடத்தில் இளம் பழுப்பாக மாற வேண்டும். கால்மணி நேரமாகியும் மாறவில்லை என்றால் சூடு போதாது. சர்க்கரை உருகாமலும் மைதா சிவந்தும் வருகிற இடம்தான் உங்களுக்கு வேண்டிய இடம், அது ஏறக்குறைய 160-க்கும் 180-க்கும் நடுவில் இருக்கும். அடுப்புத் திருகு அப்போது நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நான் வீடு மாறும்போதெல்லாம் புது அடுப்பில் முதலில் செய்கிற வேலை இதுதான். ஓவனுக்குள் வைக்கிற சின்ன வெப்பமானி கிடைத்தால் இன்னும் சுலபம், அதைச் சட்டிக்குள்ளும் வைக்கலாம்.

இனி மேல்நெருப்பு. அடுக்குமாடி வீட்டில் தணல் போட முடியாது. ஆனால் உங்களிடம் இரண்டாவது பர்னர் இருக்கிறது, தோசைக்கல்லும் இருக்கும். அதுதான் உங்கள் தணல். கனமான இரும்புத் தோசைக்கல்லை இரண்டாவது பர்னரில் காயவையுங்கள். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓட வேண்டும். கேக் வைத்து 25 நிமிடம் ஆனதும், சட்டியின் மூடியை ஒரே வீச்சில் எடுத்துவிட்டு அந்த இடத்தில் தோசைக்கல்லைக் கவிழ்த்து மூடுங்கள். காய்ந்த இரும்பில் ஈரம் நிற்காது, அதனால் சொட்டாது. மேலிருந்து அனல் இறங்கும். கல் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். இன்னொரு கல் இருந்தால் மாற்றலாம், இல்லையென்றால் பழைய மூடியைச் சட்டென்று போட்டுவிட்டு அதே கல்லைத் திரும்பக் காயவைத்து வைக்கலாம். இரண்டு முறை செய்தால் கேக்கின் மேல் இளம்பொன் நிறம் வந்துவிடும். கல்லைத் தூக்க நல்ல இடுக்கியும் தடித்த துணியும் வேண்டும், குழந்தைகள் அடுப்படியில் இருக்கக்கூடாது. கல் சட்டியின் வாயைவிடப் பெரிதாக இருந்தால்தான் இது நடக்கும், முதலிலேயே ஆறின கல்லை வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முதல் 25 நிமிடத்துக்கு எந்த மூடி என்றால், நடுவில் குமிழாக உயர்ந்த மூடி நல்லது. தண்ணீர் வளைவில் வழிந்து ஓரத்துக்குப் போய்விடும், தட்டையான மூடியில் நேராக நடுவில் சொட்டும். மூடியைத் துணியால் சுற்றுகிற பழக்கம் ஆவியில் வேகவைக்கும்போது சரி. இங்கே கீழே எரிகிற தீ இருக்கிறது, துணி தொங்கிப் பற்றிக்கொள்ளும். செய்யாதீர்கள்.

பிறந்தநாளுக்கு ஏற்ற ஓர் அளவு சொல்கிறேன், ஆறு அங்குலத் தட்டுக்குச் சரியாக இருக்கும். மைதா 120 கிராம், பொடித்த சர்க்கரை 120 கிராம், முட்டை 2, வாசனையில்லாத எண்ணெய் 80 மில்லி, கெட்டித் தயிர் 60 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஆப்பசோடா இரண்டு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா அரை டீஸ்பூன். சட்டியை முதலில் அடுப்பில் ஏற்றிவிட்டு மாவுக்கு வாருங்கள், மாவு சட்டிக்காகக் காத்திருக்கக் கூடாது. முட்டையும் தயிரும் ஃபிரிட்ஜ் குளிர்ச்சி போய் இருக்க வேண்டும். முட்டையையும் சர்க்கரையையும் கம்பி மத்தால் ஐந்தாறு நிமிடம் அடித்தால் வெளுத்து நுரைத்து இரண்டு பங்காகும். எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி அடியுங்கள், தயிரும் வெனிலாவும் சேருங்கள். மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு நான்கையும் இரண்டு முறை சலித்து, மூன்று தடவையாகப் போட்டு மெதுவாகப் புரட்டிக் கலக்குங்கள். மாவு தெரியாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் கிண்டினால் கேக் ரப்பராகும். தட்டில் எண்ணெய் தடவி அடியில் வெண்ணெய்த்தாள் போட்டு ஊற்றுங்கள். தட்டு பாதிதான் நிறைய வேண்டும்.

சட்டி 15 நிமிடம் காய்ந்திருக்கும். தட்டை உள்ளே இறக்கி மூடி, நீங்கள் கோடு போட்ட அந்தத் தீயில் 25 நிமிடம் திறக்காமல் விடுங்கள். பார்க்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பிறகு தோசைக்கல். மொத்தம் 40-லிருந்து 50 நிமிடம் ஆகும். முதலில் மணம் சொல்லும். பச்சை முட்டை வாசனை போய், சர்க்கரை சிவக்கிற வாசனை அடுப்படியைத் தாண்டி வாசல்வரை வரும். அப்போது பாருங்கள்: ஓரம் தட்டைவிட்டு மயிரிழை விலகியிருக்கும், நடுவில் விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் மேலே வரும். ஈர்க்குச்சியை நடுவில் குத்தினால் மாவு ஒட்டாமல் வரும். அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ஐந்து நிமிடம் கழித்து வெளியே எடுங்கள். சட்டென்று எடுத்தால் சூடு மாறின அதிர்ச்சியில் நடு இறங்கும்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. மேல் சிவப்பது பெரிய கவலையாக இருந்தால், நிறம் மாவிலேயே இருக்கும்படி செய்துவிடலாம். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியைப் பொடித்துச் சலித்துப் போடுங்கள். அல்லது மைதாவில் 20 கிராம் குறைத்து அந்த அளவுக்குக் கோகோ சேருங்கள். மேல்நெருப்பு சரியாக அமையாத நாளிலும் கேக் வெளுத்துத் தெரியாது. கருப்பட்டிக் கேக்கின் ருசி எனக்குச் சாதாரணக் கேக்கைவிட மேல். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் ஏலமும் கொஞ்சம் சுக்கும் சேர்த்துச் செய்து பாருங்கள், பிறந்தநாள் இல்லாத நாளிலும் செய்யத் தோன்றும்.

சொந்த ஊரில் முற்றமோ மொட்டைமாடியோ இருந்தால் தணல் முறையைக் கட்டாயம் ஒருமுறை செய்து பாருங்கள், அதற்கு ஈடு கிடையாது. சிரட்டை நன்றாக எரிந்து, சுவாலை அடங்கி, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் தணலை எடுக்க வேண்டும், புகையோடு எடுத்தால் கேக்கில் புகைநாற்றம் ஏறும். மூடிக்கு விளிம்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் திறக்கும்போது சாம்பல் உள்ளே கொட்டும். தணலை நடுவில் குவிக்காமல் ஓரத்தைச் சுற்றி வளையமாகப் பரப்பி, நடுவில் இரண்டொன்று மட்டும் வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை புதுத் தணல் மாற்ற வேண்டியிருக்கும். ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மூடின அறைக்குள் தணல் வைக்கவே வைக்காதீர்கள். எரிகிற கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதுபோல இருக்கும், உயிரையே எடுத்துவிடும். திறந்த வெளியில் மட்டும்தான்.

பன்னும் ரொட்டியும் கேக்கைவிடச் சுலபம். எப்படி என்றால், கேக்கைத் திருப்பிப் போட முடியாது, ரொட்டியைத் திருப்பலாம். மேல்நெருப்பு இல்லையா, மேல்பக்கத்தையே அடிநெருப்புக்குக் கொண்டுபோய்விடலாம். மைதா 250 கிராம், உடனடி ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான பால் 160 மில்லி, வெண்ணெய் 20 கிராம். பத்து நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும், இழுத்தால் கிழியாமல் சவ்வுபோல வரும். நம் ஊர் வெயிலில் முக்கால் மணி நேரத்திலேயே இரண்டு பங்காகப் பொங்கிவிடும், கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். ஆறு உருண்டையாக்கித் தட்டில் அடுக்கி, இன்னொரு அரைமணி நேரம் பொங்கவிட்டு, கேக்குக்குச் சொன்ன அதே சட்டியில் வையுங்கள். இங்கே உள்ளே ஆவி இருப்பது நல்லதுதான், மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் பன் நன்றாக எழும்பும். 20 நிமிடத்தில் வடிவம் நின்றுவிடும். அப்போது தட்டிலிருந்து மொத்தமாக எடுத்து, காய்ந்த தோசைக்கல்லில் வெண்ணெய் தடவிக் கவிழ்த்து, சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் விடுங்கள். மேலும் கீழும் ஒரே சிவப்பாக வரும். அடியில் தட்டினால் டொக் டொக்கென்று காலிப் பானை மாதிரி சத்தம் கேட்டால் வெந்துவிட்டது. மேலே உடனே கொஞ்சம் வெண்ணெய் தடவித் துணியால் மூடிவிட்டால் தோல் பஞ்சாகிவிடும்.

நெய் பிஸ்கட்டும் சட்டிக்கு ஏற்றது, அதில் ஈரமே குறைவு. மைதா 100 கிராம், பொடித்த சர்க்கரை 50, நெய் 60, கொஞ்சம் ஏலக்காய், ஒரு சிட்டிகை சோடா. ஐந்தாறாகத் தட்டில் வைத்து 15-லிருந்து 18 நிமிடம். மூடியை ஒரு நூல் அளவு விலக்கி வைத்தால் மொறுமொறுப்பு வரும். சூட்டில் மெத்தென்று இருக்கும், ஆறினால்தான் இறுகும்.

எது வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஃப்ஸ் வராது. அடுக்கடுக்காகப் பிரிய ஒரே வீச்சில் கடுஞ்சூடு வேண்டும், சட்டி அதைத் தராது. எங்கள் தூத்துக்குடி மக்ரூனும் வராது, இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த அது, குறைந்த சூட்டில் நெடுநேரம் காய வேண்டிய பண்டம். மூடின சட்டிக்குள் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒட்டி ஒழுகிவிடும். நான் ஐந்தாறு தடவை முயன்று பார்த்து விட்டுவிட்டேன், மக்ரூனைக் கடையில் வாங்கிக்கொள்வதே நல்லது. பெரிய, உயரமான கேக்கும் வேண்டாம். ஓரம் காய்ந்துபோகும், நடு வேகாது.

அதனால் மகளுக்கு உயரமான கேக் வேண்டும் என்றால், ஆறு அங்குலத்தில் இரண்டாகச் சுட்டு அடுக்கிவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து மாவைக் கரைத்து வைக்காதீர்கள், பேக்கிங் பவுடர் கலந்த மாவு முக்கால் மணி நேரம் காத்திருந்தால் பொங்கும் சக்தி போய்விடும். முதல் கேக் வேகும்போது இரண்டாவதற்கான பொருட்களை அளந்து மட்டும் வைத்து, அதை வெளியே எடுத்த பிறகு கலக்குங்கள். இரண்டாவது முறை சட்டி ஏற்கெனவே காய்ந்திருக்கும், ஐந்து நிமிடம் முன்னதாகவே வெந்துவிடும்.

பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரம் சர்க்கரையையும் மைதாவையும் வைத்துச் சூட்டைப் பாருங்கள், அடுத்த வாரம் ஒரே ஒரு கேக். அதை வீட்டில் இருப்பவர்கள் காப்பியோடு சாப்பிட்டுவிடட்டும். பிறந்தநாளுக்கானதை முந்தின நாள் மாலையே சுட்டு, முழுக்க ஆறவிட்டு, சுத்தமான துணியில் சுற்றி டப்பாவில் மூடி வையுங்கள். ஒரு ராத்திரி இருந்தால் ஈரம் எல்லா இடத்துக்கும் பரவி, கத்தி வைக்கும்போது உதிராமல் வெட்ட வரும். நடுவில் பழ ஜாம் தடவி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் போதும். வெண்ணெய் க்ரீம் நம் வெயிலில் மெழுகுவத்தி ஏற்றுவதற்குள் இளகிவிடும்.